பத்தாவது கல்வெட்டு

கல்லறை இல்ல தம்பி, கல்லறை இல்ல. செருப்பைப் போட்டுக்கோ. வாரவங்க எல்லாரும் உன்னை மாதிரித்தான், பயபக்தியா ஒதுங்கிப் போறாவ. போன வருஷம் வெளியூர்க்காரர் ஒருத்தர் மாலையே வாங்கிட்டு வந்து வச்சி, கண்ணை மூடி ஜெபமும் பண்ணிட்டுப் போயிட்டாரு. அது கல்வெட்டு. மொத்தம் ஒன்பது. நடுவுல இருக்கது மரம் வைக்கிற குழி.

ஐயரைப் பாக்க வந்தியா? ஞானஸ்நான சர்டிபிகேட்டா? சரி சரி. எங்க போதகர் ஐயரு பக்கத்து சபையில ஒரு அடக்கத்துக்குப் போயிருக்காவ. வர ஒரு மணி நேரம் ஆகும். இப்படி போர்டிகோவுல உக்காரு. நான் ஞானையா. ரிட்டயர்டு டிரில் வாத்தியார். இந்த ஆறுதல்புரம் சபைக்கு பத்தொன்பது வருஷமா செயலாளர். உங்கப்பா பேரு என்ன? குணசீலனா? ஏ, அவன் எங்கிட்ட படிச்சவன்லா! இடது காலுன்னு சொன்னா வலது காலை வைப்பான். நல்லா இருக்கானா?

குழியைத்தான பாக்க? எல்லாரும் அதைத்தான் பாக்காவ. சொல்லுதேன். நீயே நியாயம் சொல்லு.

வருஷா வருஷம் ஜூன் மாசம் சுற்றுச்சூழல் ஞாயிறு வரும்லா. எங்க சபையில அதை விமரிசையா கொண்டாடுவோம். பிஷப் ஐயா வருவாவ, இல்லன்னா பெரிய ஆள் யாராவது வருவாவ. பிரசங்கம், பாட்டு, மரம் நடுறது, கல்வெட்டு திறக்கிறது. பதாகையில மரம் போட்டு, கோயிலைச் சுத்தி சுண்ணாம்புக் கோடு போட்டு, நான் முன்னாடி நின்னு நடத்துவேன். ஒரு குறை சொல்ல முடியாது. மரம் மட்டும் நிக்காது. அது எங்க கையில இல்ல.

முதல் வருஷம் மகோகனி வச்சோம். அடுத்த வருஷம் வாதாம். மூணாவது வருஷம், வைக்கிறதுதான் வைக்கிறோம், வேதத்துல உள்ள மரமா வைப்போம்னு நான்தான் யோசனை சொன்னேன். ஊட்டியில இருந்து ஒலிவமரம் வந்துச்சு. நோவாவோட புறா அலகுல கொண்டு வந்துச்சுல்லா, அந்த ஒலிவ. புதன்கிழமை ஆடு கடிச்சிட்டுப் போயிட்டு. அதுக்கு அடுத்த வருஷம் அத்தி. அதுக்கு அடுத்து லீபனோன் கேதுரு எங்கயும் கிடைக்கல, சவுக்கு வச்சோம். ஒண்ணும் நிக்கல. இங்க தேரிக்காடு, வெறும் செம்மணல், ஜூன் மாசக் காத்து சும்மா அனல். தண்ணி ஊத்தணும்தான், யாரு இல்லன்னா? தண்ணி ஊத்தணும்னு கமிட்டியில தீர்மானமே போட்டோம். ஏகமனதா நிறைவேறிச்சு. மினிட் புக்குல இருக்கு, பாக்கணும்னா எடுத்துக் காட்டுதேன்.

அதே குழிதானான்னு கேக்க. அதே குழிதான். புதுக் குழி தோண்டுனா புதுசா சுத்துச்சுவர் கட்டணும், டைல்ஸ் போடணும். இது எல்லாம் போட்டு ரெடியா இருக்கு. கல்வெட்டு மட்டும்தான் புதுசு. ஒண்ணு ஒண்ணா படிச்சுப் பாரு. பிஷப் பேரு மாறியிருக்கும், ஐயர் பேரு நாலு மாறியிருக்கும். செயலாளர் பேரு மட்டும் மாறாது. ஒன்பதுலயும் பொ. ஞானையா, பொ. ஞானையா. பெருமைக்குச் சொல்லல, ஒரு தகவலுக்குச் சொல்லுதேன்.

இப்ப வந்திருக்க ஐயரு இருக்காவள்ல, கிருபாகரன் ஐயரு, வயசு முப்பத்தாறு. படிச்சவங்க. நல்ல மனுஷன்தான், ஆனா எதுக்கும் ஒரு மறுகேள்வி வச்சிருப்பாவ. வந்த முதல் நாளே இந்தக் குழியைப் பாத்துட்டு, "சுத்தி டைல்ஸ் போட்டிருக்கீங்களே சார், தண்ணி எப்படி உள்ள இறங்கும்?"னு கேட்டாவ. பிஷப் ஐயா காலு சகதியில படலாமான்னு நான் திருப்பிக் கேட்டேன்.

பிரசங்கம் முழுக்க மண்ணு, மரம், குருவி. ஆண்டவர் ஆதாமைத் தோட்டத்துல வச்சது அதைக் கொத்திக் காக்கத்தான், சுரண்டித் திங்க இல்லங்காவ. வெள்ளம் வடிஞ்ச பெறவு ஆண்டவர் உடன்படிக்கை பண்ணினது நோவாவோட மட்டும் இல்ல, பேழையை விட்டு இறங்குன ஆடு மாடு காக்கா எல்லாத்தோடயும்ங்காவ. அது உண்மைதான், நானும் போய்ப் பாத்தேன், இருக்கு. ஆனா நம்மளை எல்லாத்தையும் ஆளச் சொன்னதும் இருக்குல்லா? நான் கமிட்டியில எந்திரிச்சுக் கேட்டேன். "ஐயா, இந்த பூமி ஒருநாள் அக்கினியில வெந்து போகப்போகுதுன்னு வேதமே சொல்லுது. எரியப்போற வீட்டுக்கு எதுக்கு வெள்ளையடிக்கணும்?"

ஐயரு சிரிச்சுக்கிட்டே கேட்டாவ. "சார், இந்த உடம்பும் ஒருநாள் மண்ணாகத்தான் போகுது. நீங்க பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

கமிட்டியே சிரிச்சிட்டு. எனக்கு அன்னைக்கு பிரஷர் எகிறுனதுக்கு அவியதான் காரணம்.

இருக்கட்டும். விஷயத்துக்கு வாரேன். இந்த வருஷம் பத்தாவது வருஷம்லா, பெருசா செய்யணும்னு முடிவு பண்ணினோம். பிஷப் ஐயாவுக்கு இப்ப முழங்கால் வலி. அங்கியோட வெயில்ல நடக்கக் கூடாது. கார் நேரா ஐயரு அங்கி மாத்துற ரூம் வாசல்ல போய் நிக்கணும். அதுக்கு கோயிலுக்குப் பின்பக்கமா வழி இருக்கு. ஆனா அங்ஙன ஒரு நாவல் மரம் நிக்கி. சுவருக்கும் ரூமுக்கும் இடையில, யாரும் வைக்காம தானா முளைச்ச மரம். ஆம்பளைங்க யாரும் அந்தப் பக்கம் போறதே இல்ல. பத்தொன்பது வருஷ செயலாளர், நானே அதை நிமிர்ந்து பாத்தது இல்லன்னா பாத்துக்கோ. சீசனுக்கு பழம் உதிர்ந்து பாடகர் குழு வெள்ளைச் சேலையில கறை படுதுன்னு கம்ப்ளெயிண்ட் வரும், அவ்வளவுதான் எனக்கும் அந்த மரத்துக்கும் உள்ள பழக்கம்.

வெட்டிரலாம்னு தீர்மானம் கொண்டு வந்தேன். எட்டு பேரு சரின்னாங்க. ஐயரு ஒருத்தர் மட்டும் வேண்டாம்னாவ. "மரம் நடுறதுக்காக மரம் வெட்டுறோமா சார்?" அப்படின்னு கேட்டாவ. நீயே சொல்லு தம்பி, இதுல என்ன தப்பு? அது காட்டு மரம். இது பிஷப் கையால வைக்கிற மரம். ரெண்டும் ஒண்ணா?

சனிக்கிழமை காலையில மெஷின் வாளோட ஆள் வந்துட்டாரு. அந்தோணிமுத்துன்னு பேரு, உடன்குடி பக்கம். கயிறு கட்டி, கொப்பு எந்தப் பக்கம் விழணும்னு நான்தான் கை காட்டிக்கிட்டு நின்னேன். அப்ப தங்கபுஷ்பம் வந்தா. எங்க கோயில் வேலை பாக்கிறவ. பெருக்குறது, மணி அடிக்கிறது, பாத்திரம் கழுவுறது எல்லாம் அவதான். கையில வாளி. மரத்துக்கு முன்னாடி போய் நின்னு கூப்பாடு போடுவான்னு நினைச்சேன். ஒண்ணும் பண்ணல. மெதுவா பக்கத்துல வந்து, "சார், ஒரு சந்தேகம்"னா.

"என்ன?"

"இதை வெட்டுன பெறவு, அந்தத் தண்ணியை நான் எங்க சார் ஊத்த?"

எந்தத் தண்ணின்னு எனக்குப் புரியல. பெறவுதான் சொன்னா. திருவிருந்து முடிஞ்சு பாத்திரம் கழுவுற தண்ணி. ஞானஸ்நானத் தொட்டியில மிஞ்சுற தண்ணி.

அது என்னன்னா தம்பி, பதினொரு வருஷத்துக்கு முன்னாடி அவ வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு ஞாயித்துக்கிழமை, திருவிருந்துப் பாத்திரம் கழுவுன தண்ணியை சாக்கடையில ஊத்தப் போனா. நான் பாத்துட்டேன். உனக்கே தெரியும், ஆசீர்வாதம் பண்ணின திராட்சரசம் ஒட்டியிருந்த பாத்திரம். அதைக் கழுவுன தண்ணியை சாக்கடையில விடலாமா? சத்தம் போட்டேன். சாக்கடையில ஊத்தாதே, மனுஷன் காலு படாத இடமா பாத்து மண்ணுல ஊத்துன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சொன்னதோட மறந்துட்டேன். நான் ஒரு நாளைக்கு நூறு சட்டம் சொல்லுற ஆளு.

அவ மறக்கல. அப்ப காலு படாத இடம் இந்தக் கோயில்ல எது? பின்னால சுவர் ஓரம். அங்ஙனதான் ஊத்தியிருக்கா. எப்பவோ ஒரு காக்கா போட்ட கொட்டை அந்த ஈரத்துல முளைச்சிருக்கு.

"மாசம் ஒரு தடவை ஊத்துன தண்ணியில மரம் வருமாடீ?"ன்னு கேட்டேன்.

"கர்த்தரோட தண்ணி ஊத்துன இடம் காயலாமா சார்? அதான் தினம் ரெண்டு குடம் ஊத்துவேன்"னா. தீர்மானம் கீர்மானம் ஒண்ணும் கிடையாது, பாத்துக்கோ. பதினொரு வருஷம், தினம் ரெண்டு குடம்.

அந்தோணிமுத்து அங்கிட்டு மெஷினைத் தூக்கிட்டு நிக்காரு. இவ இன்னொரு சந்தேகம் கேக்கா. "வெட்டுன கட்டையை என்ன சார் பண்ண? அடுப்புல வைக்கலாமா? அதுல ஏதும் குத்தம் வராதே?" கிண்டல் இல்ல தம்பி. அவளுக்குக் கிண்டல் தெரியாது. நான் போட்ட சட்டத்துல அடுத்த பாராவைக் கேக்கா. எனக்கு அடுத்த பாரா தெரியல. திரும்பி ஐயரைப் பாத்தேன். ஐயரு சுவருல சாஞ்சுக்கிட்டு, "சட்டம் உங்களுது சார். நான் புதுசு"ங்காவ.

சரி, மரம் மரந்தான், தண்ணி தண்ணிதான், பாத்துக்கிடலாம்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவ மரத்துல கையை வச்சி சாதாரணமா சொல்லிக்கிட்டே போறா. "இதுல எல்லாரும் இருக்காவ சார். உங்க பேரன் ஜெஃப்ரின் தலையில ஊத்துன தண்ணி மிச்சமும் இங்ஙனதான் ஊத்தினேன். நம்ம அம்மாவுக்கு வீட்டுல வச்சிக் குடுத்த கிண்ணத்தையும் இங்ஙனதான் கழுவினேன்."

அம்மான்னு அவ சொன்னது என் வீட்டுக்காரி பியூலாவை. ரெண்டு வருஷம் ஆச்சு. கடைசியில நாப்பது நாள் படுக்கையில கெடந்தா. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு ஒரே கேள்வி. முடியல. பழைய ஐயரு வீட்டுக்கே வந்து திருவிருந்து குடுத்தாவ. அந்தச் சின்னக் கிண்ணத்துல ஒரு சொட்டு. அதையும் அவளால முழுங்க முடியல, உதட்டுல பட்டதோட சரி. மீதி கிண்ணத்துலயே இருந்துச்சு. மூணாம் நாள் போயிட்டா. அந்தக் கிண்ணம் என்னாச்சுன்னு நான் ஒரு நாளும் யோசிச்சது இல்ல. அடக்கத்துக்கு ஆளுங்களை வரிசையா நிறுத்திக்கிட்டு இருந்தேன்.

அழுதுட்டேன். ஆமா, அத்தனை பேரு முன்னாடியும். டிரில் வாத்தியார் அழுது யாரும் பாத்திருக்க மாட்டாவ, அன்னைக்குப் பாத்தாவ.

"சார், போடட்டுமா?"ன்னு அந்தோணிமுத்து கேக்காரு. மெஷின் உறுமுது. சட்டைப் பையில விசில் கெடந்துச்சு, எடுத்து ஊதினேன். ஸ்கூல்ல ஊதுன மாதிரி நீளமா ஒண்ணு. அவரு மெஷினை அமத்திட்டாரு.

அன்னைக்கு சாயங்காலமே கமிட்டியைக் கூட்டினேன். இங்கதான் ஒண்ணைத் தெளிவா சொல்லிருதேன். ஊருல ஞானையா பொண்டாட்டி நெனைப்புல மனசு மாறிட்டாருன்னு பேசுதாவ. நான் மனசு மாறல. திருவிருந்துத் தண்ணி சம்பந்தப்பட்ட மரத்தை வெட்ட விதியில இடம் இல்ல, அதனால தீர்மானம் செல்லாது. சட்டப் பிரச்சினை. அவ்வளவுதான். ஐயரு மட்டும் என்னைப் பாத்து தலையை ஆட்டிக்கிட்டு, "நோவா உடன்படிக்கையில நம்ம மரத்தையும் சேத்துட்டீங்க சார்"னாவ. நான் மினிட் புக்கை மூடிட்டேன். அவியளுக்கு இடம் குடுத்தா பிரசங்கத்துல என் பேரை இழுத்துருவாவ.

மறுநாள் பிஷப் ஐயா கார் வாசல்லயே நின்னுட்டு. முழங்காலைப் பிடிச்சிக்கிட்டு அங்கி மாத்துற ரூமுக்குப் பின்பக்க வழியா மெதுவா நடந்து வந்தாவ. நாவல் மரத்தடியில வந்ததும் நிழல்ல கொஞ்சம் நின்னாவ. டொப்புன்னு ஒரு பழம், நல்ல கனிஞ்ச பழம், வெள்ளை அங்கியில நெஞ்சுக்கு நேரா விழுந்துட்டு. எனக்கு உசுரே போயிட்டு. ஐயா குனிஞ்சு பாத்தாவ. சிரிச்சிட்டு, உப்பு இருக்கான்னு கேட்டாவ. தங்கபுஷ்பம் ஓடிப்போய்க் கொண்டு வந்தா. எண்ணி ஏழெட்டு பழம் சாப்பிட்டுட்டுத்தான் கோயிலுக்குள்ளயே வந்தாவ. பாடகர் குழுப் பிள்ளைங்களும் முந்தியே தின்னிருக்கு போல. அன்னைக்கு ஆராதனையில வாயைத் திறந்த அத்தனை பேரு நாக்கும் ஊதா. பிரசங்கம் பண்ணினவங்க நாக்கும் ஊதா.

குழியிலயும் வழக்கம் போல மரம் வச்சாச்சு. சப்போட்டா. அது எப்படி இருக்குன்னு கேக்காதே.

பத்தாவது கல்வெட்டு எங்கன்னா? அதைச் சொல்லணும்லா. கல்லு ரெண்டு வாரம் லேட்டா புதன்கிழமை வந்துச்சு. கறுப்புக் கிரானைட்டு, மூணடி அகலம், தங்க எழுத்து. பிஷப், ஐயர், செயலாளர், எல்லாரும் இருக்கோம். குழியைச் சுத்தி ஒன்பது கல்லோட இடம் முடிஞ்சு போச்சு. நான் யோசிச்சேன். ஆயிரம் இருந்தாலும் சபையில நின்ன ஒரே மரம் அந்த நாவல்தான். அதுவும் என் சட்டத்தால வந்த மரம். அது முன்னாடி வச்சா என்ன? கொத்தனாரைக் கூட்டிட்டுப் போய் அஸ்திவாரம் தோண்டச் சொன்னேன். அரையடி கூட போகல, தங்கபுஷ்பம் வாளியைக் கீழ வச்சா.

"சார், வேரு அறுபடுது."

நிறுத்தியாச்சு. நாலு பேரு கல்லைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு வெயில்ல நிக்காவ. எங்க வைக்கன்னு தெரியல. தங்கபுஷ்பம் அந்தக் கல்லைச் சுத்திச் சுத்தி வந்து தடவிப் பாத்தா. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. "நல்ல வழவழன்னு இருக்கே சார். இது எனக்குப் பாத்திரம் கழுவ ஆகுமா? சகதியில நின்னு கழுவி காலெல்லாம் சேத்துப்புண்ணு."

எனக்கு வந்துச்சு பாரு கோவம்! பிஷப் பேரு இருக்கு, சபை பேரு இருக்கு, அது மேல எச்சிப் பாத்திரத்தை வைக்கியான்னு கேட்டேன். அவ பயந்து போயி பின்னால நகந்துட்டா. நகந்தப்ப காலைப் பாத்தேன். விரல் இடுக்கு எல்லாம் வெந்து கெடக்கு. பதினொரு வருஷம் சகதியில நின்ன காலு. பிஷப் ஐயா காலு சகதியில படக் கூடாதுன்னு குழியைச் சுத்தி டைல்ஸ் போட்டவன் தம்பி நான். இவ காலை நான் பாத்ததே இல்ல. வெக்கமா போச்சு எனக்கு.

"கவுத்துப் போடுங்கடே"ன்னு சொன்னேன்.

எழுத்து அடியில, வழவழப்பு மேல. நாவல் மரத்தை ஒட்டியிருக்க குழாயடியில போட்டாச்சு. அந்தா, சத்தம் கேக்குல்லா, அவதான் கழுவுதா. ஐயரு வந்து பாத்துட்டு, "பேரு போச்சே சார்"ன்னு ஒரு மாதிரியா சிரிச்சாவ. எங்கயும் போகல ஐயா, கர்த்தருக்கு மேல என்ன, கீழ என்ன, அடியில இருந்தே வாசிச்சுக்கிடுவாவன்னு சொன்னேன். அதுக்கு மறுகேள்வி வரல. முதல் தடவையா.

அந்தா, ஐயரு பைக் வருது. நீ எந்திரி. இரு, ஒண்ணு சொல்லிருதேன், அவியகிட்ட சொல்லிராதே. கல்லைப் போடும்போது கொத்தனார் மட்டமா வைக்கப் பாத்தாரு. நான்தான் ஒரு பக்கம் சரிவா வாட்டம் குடுத்து வைக்கச் சொன்னேன். கழுவுற தண்ணி தேங்காம நேரா வேருக்கு ஓடணும்லா? செயலாளர் பேரு எந்த மூலையில இருக்குன்னு எனக்குத் தெரியும். வாட்டத்தை அந்த மூலைக்கு வச்சிருக்கேன்.